மேலே இருப்பது எந்த மை?

உறையை என் மேசைமேல் வைப்பதற்கு முன் லூர்து அண்ணாச்சி தன் கைகளை இரண்டு தரம் வேட்டியில் துடைத்துக்கொண்டார். படகு எஞ்சின் பழுது பார்க்கிற கை. எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் கறுப்பும் கொஞ்சம் டீசல் வாசனையும் மிஞ்சியிருக்கும். அன்று வழக்கத்தைவிட அதிகமாகத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்திருந்தார் போல, விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது.

சனிக்கிழமை காலை. தலைக்குமேல் மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. உறை பறந்துவிடக்கூடாது என்று ஒரு மூலையைச் சுண்டுவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"மேடம், இது அசலா போலியா, அத மட்டும் பாத்துச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

நான் லென்ஸை எடுத்தேன். பத்தே நிமிடத்தில் பதிலும் சொல்லிவிட்டேன். அந்தப் பதிலைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதப்போகிறேன். இத்தனை வாரங்களாக என் மேலதிகாரிகளின் அசட்டுத்தனங்களை ருசித்து ருசித்து எழுதினேன். நீங்களும் ரசித்துப் படித்துக் கடிதம் போட்டீர்கள். என் அசட்டுத்தனத்துக்கு ஒரு வாரமாவது ஒதுக்காவிட்டால் அது நியாயமாக இருக்காது.

மூலை ஜன்னல்

தொண்ணூறுகளின் நடுவில் ஏதோ ஒரு வருடம். பாளையங்கோட்டையில் ஒரு தபால் ஆபீசில் எனக்கு மூலை ஜன்னலைக் கொடுத்திருந்தார்கள். தபால்தலை சேகரிப்பவர்களுக்கான ஜன்னல். மணியார்டர் ஜன்னலில் இருந்தவளை அங்கே தூக்கிப் போட்டதற்குக் காரணம் என் வாய்தான் என்பதைப் பழைய வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மற்ற ஜன்னல்களில் வரிசை வாசல் வரைக்கும் நிற்கும். என் ஜன்னலில் ஈ உட்கார்ந்திருக்கும். ஒரு நாளைக்கு மூன்று பேர் வந்தால் அது திருவிழா. சும்மா இருக்க முடியாமல் நானே புத்தகங்களை வரவழைத்துப் படித்தேன். கைக்கு அடக்கமாக ஒரு லென்ஸ் வாங்கிக்கொண்டேன். ஒரு வருடத்துக்குள் ஒரு பல் டாக்டரும் இரண்டு கல்லூரி ஆசிரியர்களும் தங்கள் பழைய தலைகளை என்னிடம் காட்டி அபிப்பிராயம் கேட்கிற அளவுக்கு எனக்குப் பேர் வந்துவிட்டது. பேர் வந்தால் தலை கொஞ்சம் கனக்கத்தானே செய்யும். எனக்கு நன்றாகவே கனத்தது.

குறிப்பாக மேலச்சுத் தலைகளில் நான் புலி. ஏற்கெனவே அச்சான தபால்தலையின் மேல், அரசாங்கம் மாறினாலோ விலை மாறினாலோ, புதுப் பெயரையோ புது விலையையோ கறுப்பு மையில் இன்னொரு தரம் அடித்து விடுவார்கள். அதுதான் மேலச்சு. போலி செய்வதற்கு இதைவிடச் சுலபமான சாமான் கிடையாது. சாதாரணப் பழைய தலை ஒன்றும் ஒரு கை அச்சு இயந்திரமும் இருந்தால் போதும்.

கண்டுபிடிக்க எனக்கு ஒரு விதி இருந்தது. தபாலில் போய் வந்த தலையில் முதலில் விழுந்திருக்க வேண்டியது மேலச்சு. அதற்கப்புறம்தான் தபால் முத்திரை. ஆகவே இரண்டும் வெட்டிக்கொள்கிற இடத்தில் முத்திரை மை மேலே இருக்க வேண்டும். மேலச்சின் மை மேலே இருந்தால், யாரோ உபயோகித்த தலையில் பிற்பாடு வேலை காட்டியிருக்கிறார்கள். இதை நான் வேதவாக்காக வைத்திருந்தேன். வருகிறவர்களிடமெல்லாம் ஒப்பித்தேன்.

சனிக்கிழமைக்காரர்

லூர்து அண்ணாச்சிக்கு ராதாபுரத்துக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். மனைவி இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரே மகள் பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்தாள். சனிக்கிழமைதோறும் அவளைப் பார்க்க வருவார். விடுதிக்காரர்கள் பதினோரு மணிக்குத்தான் கதவைத் திறப்பார்கள். அதுவரை எங்காவது நிற்க வேண்டுமே என்று என் ஜன்னலுக்கு வந்தவர்தான்.

முதல் நாள் மகளுக்காகக் கப்பல் படம் போட்ட தலை இருக்கிறதா என்று கேட்டார். மறுவாரம் மீன் படம். அப்புறம் ஒன்றும் கேட்காமலே வந்தார். நான் தலைகளைக் காட்டுவேன், கதை சொல்லுவேன். நான் மீன் சாப்பிடாத வீட்டுக்காரி என்பதை எப்படியோ தெரிந்துகொண்டு, கருவாட்டுக்குப் பதிலாகச் சுக்குப் போட்ட சில்லுக்கருப்பட்டி ஒரு பொட்டலம் கொண்டுவந்து ஜன்னல் விளிம்பில் வைப்பார்.

நான் அவரை அண்ணாச்சி என்றேன். எங்கள் பக்கத்தில் கடைக்காரரிலிருந்து கண்டக்டர் வரை எல்லாரும் அண்ணாச்சிதான். அவர் என்னை மேடம் என்றார். எனக்கு நாற்பத்தொன்று, அவருக்கு நான்கைந்து வயது கூட இருக்கலாம். கொக்கிரகுளத்தில் ஆறு தெரிகிற ஒரு மாடியில் தனியாக இருந்தேன். அம்மா போன பிறகு அரை உழக்கு அரிசி எனக்கு இரண்டு வேளைக்கு வந்தது. அண்ணன் சென்னையிலிருந்து பொங்கலுக்கு வாழ்த்து அட்டை போடுவான். ஞாயிற்றுக்கிழமைகளில் வானொலியைத் தவிர அந்த வீட்டில் வேறு யாரும் பேசமாட்டார்கள்.

சனிக்கிழமைக்காக நான் வாரம் முழுக்கக் காத்திருந்தேன். இந்த ஒரு வரியை எழுத எனக்கு இத்தனை வருடம் பிடித்திருக்கிறது. அவருக்கும் அப்படி இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

சமஸ்தானத்துத் தலை

அந்த உறைக்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு சின்னத் தகவல். இன்றைக்கு நம் ஆபீஸ் பலகைகளிலெல்லாம் அஞ்சல் என்று எழுதியிருக்கிறதே, அந்தக் காலத்தில் அஞ்சல் என்றால் எங்களுக்குப் போட்டிக்காரன். திருவிதாங்கூர் சமஸ்தானம் தனக்கென்று நடத்திய தபாலுக்கு அதுதான் பேர். எல்லைக்கு இந்தப் பக்கம் வெள்ளைக்காரன் தபால், அந்தப் பக்கம் மகாராஜாவின் அஞ்சல். தலைகளில் மகாராஜா படம், சக்கரமும் காசுமாக விலை. நாடு விடுதலையாகி, சமஸ்தானம் கொச்சியோடு சேர்ந்தபோது சக்கரம் போய் அணா வந்தது. புதுத் தலை அடிக்கிற வரைக்கும் பழைய தலையின் மேலேயே அணா விலையை அடித்து ஓட்டினார்கள்.

அண்ணாச்சி கொண்டுவந்த பழுப்பேறிய உறையில் ஒட்டியிருந்தது அப்படி ஒரு தலை. கொல்லத்தில் முத்திரை குத்தியது. மாதம் தெரிந்தது, வருடம் அழிந்திருந்தது. அவருடைய அம்மாவின் பிறந்த வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், சமஸ்தானத்துக் கடற்கரையில். முகவரி அந்த வீட்டுக்கு எழுதியிருந்தது.

அண்ணாச்சி அம்மாவின் வயிற்றில் இருந்தபோது அவருடைய அப்பா கொல்லத்துக்கு வேலைக்குப் போனார். முன்பும் போய் வந்தவர்தான். இந்தத் தடவை திரும்பவில்லை. அங்கேயே இன்னொரு குடும்பம் ஆகிவிட்டது என்றார்கள், கடலில் போய்விட்டார் என்றும் சொன்னார்கள்.

"பிள்ள பொறந்த பொறவு ஒரே ஒரு கடுதாசி வந்துச்சுன்னு அம்மா சொல்லுவா. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்க மாமாதான் வாசிச்சுக் காட்டுனாவ. பிள்ளைக்கு என்ன பேரு வச்சிருக்கன்னு கேட்டிருந்தாவளாம். அந்த ஒரு வரியத்தான் சாவுத வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தா. ஊர்க்காரங்க யாரும் நம்பல. கடுதாசியும் இல்ல ஒண்ணும் இல்ல, எல்லாம் அவ கட்டுன கதைன்னு சொல்லுதாவ."

கடிதம் இப்போது இல்லை. முந்தின வருடம் அம்மா இறந்தபோது, யாரையும் பிரித்துப் படிக்க விடாமல் அவள் துணியில் தைத்து வைத்திருந்ததை, அவள் கேட்டுக்கொண்டபடி அப்படியே பெட்டியில் அவள் கைக்கு அடியில் வைத்து அடக்கம் செய்துவிட்டார்கள். மிஞ்சியது உறை மட்டும். அதை அம்மாவின் படத்துக்குக் கீழே கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருந்தார். மேலச்சு வந்தது விலை மாறிய பிற்பாடுதான் என்று நான் ஜன்னலில் உட்கார்ந்து பெருமையடித்ததைக் கேட்டவருக்குப் பொறி தட்டியிருக்கிறது. அவர் பிறந்தது விலை மாறுவதற்குச் சில மாதங்களுக்கு முன்னால். ஆகவே மேலச்சு அசல் என்றால், அவர் பிறந்த பிறகு வந்த கடிதம் அது.

"அப்பாவுக்கு நான் பொறந்தது தெரியுமா, தெரியாதா? அது இந்த ஸ்டாம்புலதான் இருக்கு, மேடம்."

பத்து நிமிடம்

லென்ஸில் அந்தத் தலையை நான் பார்த்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. மேலச்சின் கறுப்பு எண்ணெய் மினுமினுப்போடு பளிச்சென்று இருந்தது. முத்திரை மங்கிச் சாம்பலாகியிருந்தது. வெட்டிக்கொண்ட இரண்டு இடத்திலும் பளபளக்கிற கறுப்பு மேலே. சாம்பல் கீழே. போதாததற்கு மேலச்சு நடுவில் விழாமல் வலப்பக்கம் தள்ளியிருந்தது. அணா என்பதன் ஆங்கில எழுத்துகளில் கடைசி எழுத்து பாதியோடு தலையின் ஓரத்தில் நின்றுபோயிருந்தது. சரியான அச்சுக்கூடத்து வேலை இப்படியா இருக்கும் என்று அதையும் சாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

"அண்ணாச்சி, இது பொறவு அடிச்சது."

"பொறவுன்னா?"

"முத்திரை விழுந்த பொறவு. முன்ன வந்த பழைய கவர எடுத்து, அதுமேல யாரோ புது விலைய அடிச்சிருக்காவ."

அதோடு விட்டிருக்கலாம். எனக்கு அன்று இன்ஸ்பெக்டர் வேடம் ஏறியிருந்தது. உங்கள் மாமா என்ன வேலை பார்த்தார் என்று கேட்டேன். நாகர்கோவிலில் அச்சாபீசில், என்றார். நான் ஒரு புருவத்தை மட்டும் உயர்த்தினேன். அந்தப் புருவத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அவர் உறையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அப்போ மாமா அம்மாவ ஏமாத்தியிருக்காவ. இல்லன்னா ரெண்டு பேருமாச் சேந்து என்னைய ஏமாத்தியிருக்காவ." உறையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "சரி, மேடம். வாரேன்."

வாரேன் என்றுதான் எங்கள் ஊரில் எல்லாரும் சொல்லிவிட்டுப் போவார்கள். அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. மூன்றாவது வாரம் பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். சாலையின் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு விடுதி திறக்கிற நேரத்துக்காக வெயிலில் காத்திருந்தார். நான் ஜன்னலுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுந்துபோய்க் கூப்பிட எனக்குத் துணிவு வரவில்லை. விளிம்பில் வைத்துவிட்டுப் போன கடைசிப் பொட்டலத்தைப் பிரிக்காமலே வைத்திருந்து, எறும்பு மொய்த்த பிறகு ஆற்றில் கொட்டினேன்.

திரும்பி வந்த உறை

மகள் படிப்பு முடிந்து விடுதியைக் காலி செய்த பிறகு எதிர்ப்பக்கமும் வெறிச்சென்று ஆகிவிட்டது. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு கடிதம் எழுதினேன். மதிப்பிற்குரிய அண்ணாச்சி, புதிதாக மீன் படத் தலைகள் வந்திருக்கின்றன, மகளுக்காக எடுத்து வைத்திருக்கிறேன். இவ்வளவுதான். கோழைத்தனமான கடிதம். ஆபீசிலேயே ஒட்டி, மையை நன்றாகத் தொட்டு, என் கையாலேயே முத்திரை குத்திப் பையில் போட்டேன்.

மூன்று வாரம் கழித்து அது என்னிடமே திரும்பி வந்தது. வெளியூர் போய்விட்டார் என்று ஊதா மையில் ஒரு ரப்பர் முத்திரை, தலையின் மேலும் என் கறுப்பு முத்திரையின் மேலுமாகக் கோணலாக விழுந்திருந்தது. தபால்காரியாகிய எனக்கு அது தினம் பார்க்கிற சங்கதி. ஆனாலும் எதையாவது செய்ய வேண்டும் போலிருந்தது. எனக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான். லென்ஸை எடுத்தேன்.

கறுப்பு மேலே இருந்தது. ஊதா கீழே.

முதலில் எனக்குப் புரியவில்லை. கறுப்பு முத்திரையைக் குத்தியவள் நான். ஊதா முத்திரை மூன்று வாரம் கழித்து, கடற்கரை ஊரில் விழுந்தது. இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஆனால் லென்ஸ் தலைகீழாகச் சொன்னது.

மறுநாள் முழுவதும் ஒரு தாள் கட்டை வைத்துக்கொண்டு அடித்து அடித்துப் பார்த்தேன். ஊதாவின் மேல் கறுப்பு, கறுப்பின் மேல் ஊதா, புது மையின் மேல் பழைய மை. எதை முதலில் அடித்தாலும் கருத்த மைதான் மேலே இருப்பது போலத் தெரிந்தது. மங்கலானது கீழே போய்விடும். கண் அப்படித்தான் பார்க்கும். என் வேதவாக்கு வெறும் கண்கட்டு. பக்கத்து ஜன்னல்காரர் என்ன மேடம், தாளை இப்படிப் பாழாக்குகிறீர்கள் என்று கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. தூசி விழுந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

படகில் பெயர் எழுதுவது

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராதாபுரம் போய், அங்கே பஸ் மாறி, பனங்காட்டு வழியாக அவருடைய ஊருக்குப் போய் இறங்கினேன். லூர்து அண்ணாச்சியின் வீடு பூட்டியிருந்தது. அடுத்த வீட்டிலிருந்து அவருடைய மனைவியின் அக்கா வந்தார். சிசிலியம்மா. யார், என்ன என்று கேட்டுவிட்டு என்னைக் குசினிக்குள் கூட்டிப்போய் உட்கார வைத்துக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்.

மகளுக்குப் பம்பாயில் வேலை கிடைத்து, அவளோடு அவரும் போய்விட்டாராம். போகிறபோது கண்ணாடிச் சட்டத்திலிருந்து உறையை எடுத்து இவரிடம் கொடுத்திருக்கிறார்.

"கடல்ல போட்டுருங்க மைனின்னு சொல்லிட்டுப் போனான். எனக்கு மனசு வரலம்மா. செத்தவ பொத்திப் பொத்தி வச்சிருந்ததுலா."

ஜெபப் புத்தகத்துக்குள்ளிருந்து உறையை எடுத்துவந்தார். நான் நடந்ததையெல்லாம் மறைக்காமல் சொன்னேன். போலி என்று நான் சொன்னது தப்பு என்றும், அசல் என்று சொல்லவும் என்னிடம் ருசு இல்லை என்றும் சொன்னேன். சிசிலியம்மா உறையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது.

"இந்தக் கடைசி எழுத்து பாதிதான் இருக்கு. மிச்சப் பாதி எங்கன?"

அச்சு தள்ளி விழுந்துவிட்டது, தலைக்கு வெளியே போய்விட்டது என்றேன்.

"வெளியன்னா கவர் மேலதான விழணும்? கவர்ல ஒண்ணையும் காணுமே." எனக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு விளக்கிச் சொன்னார். "படகுல பேரு எழுதுவாவல்லாம்மா. பலகையக் கோத்த பொறவு எழுதுனா எழுத்து ரெண்டு பலகையிலயும் விழும். ஒத்தப் பலகையில பாதி எழுத்து நிக்குதுன்னா, அது கோக்குததுக்கு முன்னால எழுதுனது."

நான் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தேன். தலையை உறையில் ஒட்டிய பிறகு யாராவது அடித்திருந்தால், அந்த எழுத்தின் மறுபாதி உறையின் மேல் விழுந்திருக்க வேண்டும். உறை சுத்தமாக இருந்தது. மறுபாதி, தலைகள் கிழிக்காத முழுத் தாளாக அச்சுக்கூடத்தில் இருந்தபோதே, அடுத்த தலையில் விழுந்து, எங்கோ வேறொரு கடிதத்தில் போயிருக்கிறது. புது விலை வந்த பிறகு வாங்கி ஒட்டிய தலை அது. கொல்லத்திலிருந்து, லூர்து பிறந்த பிறகு, அந்த மனிதர் எழுதியிருக்கிறார். லென்ஸே வேண்டாம், வெறும் கண்ணுக்குத் தெரிகிற சங்கதி. எந்தக் குறையை நான் போலிக்குச் சாட்சி என்றேனோ அதுவேதான் அசலுக்குச் சாட்சி. குசினியில் உட்கார்ந்தபடி நான் அழுதேன். இந்தத் தடவை தூசி என்று சொல்லவில்லை.

சிசிலியம்மா பம்பாய் முகவரியைக் கொடுத்தார். உறையையும் என்னிடமே கொடுத்து, நீங்களே அனுப்பி வையுங்கள், நீங்கள் சொன்னால்தான் நம்புவான் என்றார். நான் சொன்னதை ஒருதரம் நம்பித்தான் அவர் இப்படிப் போனார் என்பதை அவருக்கு எடுத்துச்சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒப்புகை அட்டை

பதிவுத் தபாலில் அனுப்பினேன், ஒப்புகை அட்டையும் சேர்த்து. உள்ளே உறையும் ஒரு கடிதமும். பாதி எழுத்தின் சங்கதியை விவரமாக எழுதி, உங்கள் அப்பாவுக்கு நீங்கள் பிறந்தது தெரியும், பெயர் கேட்டிருக்கிறார், அம்மா சொன்னது முழுக்க உண்மை என்று எழுதினேன். தப்பு என்னுடையது என்று எழுதினேன். சனிக்கிழமைகளில் ஜன்னலில் யாரும் வருவதில்லை என்றும் எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தபோது மேலே அண்ணாச்சி என்று போடாமல் லூர்து என்று மட்டும் போட்டிருந்தது தெரிந்தது. அடித்துத் திருத்தாமல் அப்படியே ஒட்டிவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் அட்டை திரும்பி வந்தது. பட்டுவாடா ஆகியிருந்தது. பெற்றுக்கொண்டவர் கையெழுத்துப் போடுகிற இடத்தில் நீல மையில் ஒரு கிறுக்கல். முதல் எழுத்து லூ போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. இத்தனை சனிக்கிழமைகளில் அவர் கையெழுத்தை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. மகளும் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கலாம். அட்டையை முகர்ந்து பார்த்தேன். தபால் பையின் சாக்கு வாசனைதான் வந்தது.

அதற்கப்புறம் கடிதம் ஒன்றும் வரவில்லை. ஓய்வு பெறுகிற நாள்வரை சனிக்கிழமை காலைகளில் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அந்த அட்டை இப்போதும் என்னிடம் இருக்கிறது. வந்த அன்றே லென்ஸை எடுத்து அந்தக் கையெழுத்தின் மேல் பிடிக்கப் போனேன். எழுதப் படிக்கத் தெரியாத லூர்துவின் அம்மா தன் உறையை எத்தனை வருடம் வெறும் கையால் தொட்டுப் பார்த்தபடி வைத்திருந்தாள் என்பது நினைவுக்கு வந்தது. லென்ஸை மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடிவிட்டேன். அவர்தான் போட்டிருப்பார்.